தீராத கணக்கு: பரிசும் சமாதானமும் பற்றித் தொல்லியல் சொல்வது

கி.மு. 18-ஆம் நூற்றாண்டில், இன்றைய சிரியாவில் இருந்த கத்னா நாட்டு மன்னன் இஷ்ஹி-அத்து, எக்கல்லாத்தும் நாட்டை ஆண்ட இஷ்மே-தகானுக்குக் கோபமாக ஒரு கடிதம் அனுப்பினான். இஷ்மே-தகான் ஆசைப்பட்டுக் கேட்ட இரண்டு குதிரைகளை இவன் மறுபேச்சில்லாமல் அனுப்பியிருந்தான். பதிலுக்கு வந்தது 20 மினா வெள்ளீயம். இன்றைய எடையில் சுமார் 10 கிலோ. கத்னாவில் குதிரையின் விலையோ 600 ஷெக்கல் வெள்ளி, ஏறத்தாழ 5 கிலோ. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதே முறையில்லை, ஆனால் சொல்லாவிட்டால் மனம் ஆறாது என்று அவன் எழுதுகிறான். கேள்விப்படுகிறவர்கள் நம்மை என்ன நினைப்பார்கள் என்று பொருமுகிறான். இவ்வளவுக்குப் பிறகும் உறவை அறுத்துக்கொள்ளவில்லை. இது உன் வீடுதானே என்றும் அதே கடிதத்தில் சொல்கிறான். யூப்ரடீஸ் கரையில் இருந்த மாரி நகர அரண்மனையில் அகழ்ந்தெடுத்த களிமண் பலகைகளில் இந்தக் கடிதமும் ஒன்று.

இந்தப் பலகை கிடைக்காமல் போயிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? எக்கல்லாத்தும் பகுதியில் இரண்டு குதிரைகளின் எலும்பும், கத்னாவில் கொஞ்சம் வெள்ளீயமும் மிஞ்சியிருக்கலாம். வெள்ளீயம் கிழக்கிலிருந்து வந்தது என்று வேதியியல் சொல்லக்கூடும். அதைக் கொண்டு ஆய்வாளர்கள் வணிகப் பாதை ஒன்றை வரைந்திருப்பார்கள். குதிரைக்காக வந்த வெள்ளீயம் என்பதும், அது போதவில்லை என்று மனத்தாங்கல் வந்ததும், அந்த மனத்தாங்கலோடே நட்பு நீடித்ததும் நமக்குத் தெரியவே வந்திருக்காது.

பரிசுக்கும் சமாதானத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும் தொல்லியலின் அடிப்படைச் சிக்கல் இதுதான். பரிசாகத் தந்த பொருள் மண்ணுக்குள் மிஞ்சும். அது தாங்கிய உறவு மிஞ்சாது. போருக்காவது உடைந்த மண்டையோடும் எரிந்த மதிலும் சாட்சி உண்டு. போர் நடக்காத 100 ஆண்டுகளுக்கு எது சாட்சி? இந்தக் கேள்விக்கு மானிடவியலும் தொல்லியலும் தேடிய விடைகளை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. இதில் நான் வந்து சேரும் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: கண்ணைப் பறிக்கும் தனிப்பொருள் சமாதானத்துக்குச் சான்றாகாது. சிறிதானாலும் திரும்பத் திரும்ப வந்துபோன பொருள்களின் தொடர்ச்சியே சான்று. ஏனென்றால் சமாதானம் என்பது ஒருநாள் நிகழ்ச்சி அல்ல. விடாமல் செய்துகொண்டே இருக்க வேண்டிய பராமரிப்பு வேலை.

கொடுத்தல், ஏற்றல், திருப்புதல்

இந்தத் துறைக்கு அடித்தளம் இட்டவர் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ். முதல் உலகப் போரில் நண்பர்களையும் உடன் பணியாற்றிய இளம் ஆய்வாளர்களையும் பறிகொடுத்தவர் அவர். 1925-இல் வெளியான அவருடைய நீண்ட கட்டுரை, பரிசு என்பது மூன்று கடமைகளின் கட்டு என்று சொன்னது: கொடுத்தாக வேண்டும், ஏற்றாக வேண்டும், திருப்பித் தந்தாக வேண்டும். மூன்றில் எதை மறுத்தாலும் அது பகைக்கு அழைப்பு. அவருக்குக் கைகொடுத்த முக்கியமான சான்று, 1922-இல் மலினோவ்ஸ்கி விவரித்த 'கூலா' வழக்கம். நியூகினிக்குக் கிழக்கே உள்ள தீவுகளில் சிவப்புச் சிப்பி மாலைகள் ஒரு திசையிலும், வெண்சிப்பிக் கைவளைகள் எதிர்த்திசையிலும் கடல் கடந்து கைமாறிக்கொண்டே இருந்தன. அவற்றை யாரும் நிரந்தரமாகத் தமக்கென்று வைத்துக்கொள்வதில்லை.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க மொய் நோட்டு போதும். கல்யாணத்தில் யார் எவ்வளவு வைத்தார்கள் என்று எழுதி வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டி வைக்கிறோம். வாங்கியதை ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் திருப்பி வைத்தால், கணக்கோடு உறவும் முடிந்ததோ என்ற சந்தேகம் எழும். பாக்கி இருக்கும்வரை போக்குவரத்து இருக்கும்.

மோஸுக்குப் பிறகு வந்தவர்கள் இந்தக் கருத்தைப் போர், சமாதானம் என்ற திசையில் நீட்டினார்கள். பரிமாற்றம் என்பது சமாதானமாகத் தீர்த்துக்கொண்ட போர், போர் என்பது கைகூடாமல் போன பரிமாற்றம் என்ற அளவுக்குப் போனார் லெவி-ஸ்ட்ராஸ். 1972-இல் மார்ஷல் சாலின்ஸ், மோஸை ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸோடு சேர்த்து வைத்துப் படித்தார். எல்லாரும் எல்லாரோடும் மோதாமல் இருக்க மேலே ஓர் அரசு வேண்டும் என்றார் ஹாப்ஸ். அரசில்லாத சமூகங்களில் அந்த வேலையைப் பரிசு செய்தது என்பது சாலின்ஸின் வாதம். 1992-இல் அனெட் வைனர் மறுபக்கத்தைக் காட்டினார். ஒவ்வொரு குழுவும் சில பொருள்களைக் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கும். அதைக் காப்பதற்காகவே மற்றவற்றைக் கொடுக்கும். கைமாறிய பொருளை மட்டும் பார்க்கிற தொல்லியலாளர் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார் என்ற எச்சரிக்கை இதில் இருக்கிறது.

பரிசா, சரக்கா, கொள்ளையா

தொலைதூரப் பொருள் ஒன்று கிடைத்தால் அது எங்கிருந்து வந்தது என்பதை இன்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். எரிமலைக் கண்ணாடி எந்த மலையில் உருவானது என்று அதிலுள்ள நுண் தனிமங்கள் காட்டும். செம்பு எந்தச் சுரங்கத்தைச் சேர்ந்தது என்று ஈய ஐசோடோப்புகள் காட்டும். 1960-களில் காலின் ரென்ஃப்ரூவும் அவருடைய கூட்டாளிகளும் மேற்காசியாவில் எரிமலைக் கண்ணாடியின் பரவலை அளந்து, மூலத்திலிருந்து தூரம் கூடக் கூட அளவு எப்படிக் குறைகிறது என்று வரைபடம் போட்டார்கள். ஊர் ஊராகக் கைமாறிப் போயிருக்க வேண்டும் என்பது அவர்கள் ஊகம். ஆனால் ஒரே வரைபடத்தைப் பல வழிகள் உண்டாக்கலாம். பொருள் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தாலும் எதற்காக வந்தது என்பது தெரிவதில்லை.

பிரான்ஸில் வீக்ஸ் என்ற இடத்தில் 1953-இல் அகழ்ந்த கல்லறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கி.மு. 500-ஐ ஒட்டி அடக்கம் செய்யப்பட்ட ஒரு சீமாட்டியின் அருகே கிரேக்க வேலைப்பாடுள்ள வெண்கலக் கலம் இருந்தது. உயரம் 1.64 மீட்டர், எடை 208 கிலோ, கொள்ளளவு சுமார் 1,100 லிட்டர். கழுத்தைச் சுற்றி வீரர்களும் தேர்களும் அணிவகுக்கும் உருவங்கள். எது எங்கே பொருந்தும் என்று காட்டக் கிரேக்க எழுத்துகள் பொறித்த பகுதிகள். லிடியா மன்னன் குரோசஸுக்கு ஸ்பார்ட்டாக்காரர்கள் இதுபோன்ற மாபெரும் கலம் ஒன்றைச் செய்து அனுப்பினார்கள், அது போய்ச் சேரவில்லை என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருப்பதால், வீக்ஸ் கலமும் அரசியல் பரிசாக இருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் கருதினார்கள். கருத்து நியாயமானதுதான். ஆனால் கொடுத்தவர் யார், பதிலுக்கு என்ன போனது, அதன்பின் அந்த உறவு என்ன ஆனது என்ற கேள்விகளுக்கு அந்தக் கலம் ஒன்றும் சொல்லாது. ஒற்றைப் பொருளின் வரம்பு அவ்வளவுதான்.

அரசர்களின் அஞ்சல்

பொருளோடு எழுத்தும் சேர்ந்து கிடைக்கும் இடங்களில்தான் பரிசின் உள்ளியக்கம் தெரிகிறது. 1887-இல் எகிப்தின் அமர்னாவில் வெளிப்பட்ட களிமண் பலகைகள் இவற்றில் தலையானவை. கிடைத்த 382 பலகைகளில் சுமார் 350 கடிதங்கள். கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அமென்ஹோட்டெப், அவர் மகன் அக்னாட்டன் ஆகியோரின் அரசவைக்கு பாபிலோன், மித்தானி, அசீரியா, ஹித்தி, அலாசியா எனப்பட்ட சைப்ரஸ் ஆகிய நாட்டு மன்னர்களும் கானானியச் சிற்றரசர்களும் எழுதியவை. எழுதப்பட்டது பெரும்பாலும் அக்காதிய மொழியில். பேரரசர்கள் ஒருவரையொருவர் சகோதரன் என்றே விளித்துக்கொண்டார்கள்.

சகோதரர்கள் ஓயாமல் சண்டை போட்டார்கள். எகிப்திலிருந்து வந்த 20 மினா பொன்னை உலையில் போட்டுப் பார்த்தபோது 5 மினாகூடத் தேறவில்லை என்று பாபிலோன் மன்னன் புர்னா-புரியாஷ் எழுதுகிறான். தான் நோயுற்றிருந்தபோது நலம் விசாரித்து ஆள் அனுப்பவில்லை என்று வருந்துகிறான். எகிப்து வெகுதூரம், செய்தி போய்ச் சேர்ந்திருக்காது என்று தூதர்கள் சொன்ன பிறகே சமாதானமடைகிறான். மித்தானி மன்னன் துஷ்ரத்தாவின் குறை வேறு. அமென்ஹோட்டெப் தருவதாகச் சொன்னது முழுப் பொன்னால் வார்த்த சிலைகள். மகன் அனுப்பியது பொன் தகடு போர்த்திய மரச் சிலைகள். இந்த வழக்கை அவன் அமென்ஹோட்டெப்பின் மனைவி தீயேவிடமே கொண்டுபோகிறான், உன் கணவர் என்ன வாக்குக் கொடுத்தார் என்று உனக்குத் தெரியாதா என்ற தோரணையில். எகிப்திய இளவரசி ஒருத்தியை மணக்கக் கேட்ட இன்னொரு பாபிலோன் மன்னனுக்கு, எங்கள் வீட்டுப் பெண்ணை வெளியே கொடுக்கும் வழக்கமே கிடையாது என்று பதில் வந்தது. அவன் சளைக்கவில்லை. அழகான பெண் யாரையாவது அனுப்பு, அவள் அரசன் மகள் இல்லை என்று இங்கே யார் சொல்லப் போகிறார்கள் என்று கேட்டான்.

இந்தக் கடிதங்களை வெறும் பேராசைக் கதைகளாகப் படிக்கிறவர்கள் உண்டு. பரிசின் கணக்கில் இவற்றை வைத்துப் பார்த்தால் வேறு தெரியும். குறை சொல்வதே உறவின் மொழி. பொன் குறைந்தது என்று எழுதுகிறவன் அடுத்த பரிசை எதிர்பார்க்கிறான். அவன் தூதன் மறுபடி வருவான். ஆபத்து, கடிதம் நிற்கும்போதுதான்.

அந்தக் காலத்துப் பரிசு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதைக் கடலடியில் பார்த்தோம். துருக்கியின் காஷ் நகருக்கு அருகே உலுபுருன் முனையில், கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர் ஒருவர் 1982-இல் கண்ட சிதைந்த கப்பலை, ஜார்ஜ் பாஸும் ஜெமால் புலாக்கும் 1984 முதல் 1994 வரை அகழ்ந்தார்கள். கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்த அந்தக் கப்பலில் சுமார் 10 டன் செம்புக் கட்டிகளும் 1 டன் வெள்ளீயமும் இருந்தன. வெண்கலம் வார்க்க வேண்டிய விகிதம் அதுவேதான். நீலக் கண்ணாடிக் கட்டிகள், யானைத் தந்தம், நீர்யானைப் பல், ஆப்பிரிக்கக் கருமரம், மரப்பிசின் நிறைந்த ஜாடிகள், அக்னாட்டனின் அரசி நெஃபெர்தீத்தியின் பெயர் பொறித்த பொன் முத்திரை வண்டு ஆகியவையும் கிடைத்தன. செம்பு சைப்ரஸுடையது. அலாசியா மன்னன் எகிப்துக்குச் செம்பு அனுப்பிய செய்தி அமர்னாக் கடிதங்களிலும் உண்டு. எனவே இது ஓர் அரசன் இன்னோர் அரசனுக்கு அனுப்பிய சீர் என்று அகழ்ந்தவர்கள் கருதுகிறார்கள். அதே கப்பலில் வணிகர்களின் தராசுத் தட்டுகளும் எடைக்கற்களும் இருந்தன. பரிசு போகிற வழியில் வியாபாரமும் நடந்தது என்றே இதைக் கொள்ள வேண்டும். இரண்டையும் கறாராகப் பிரித்தது நம் பாடப்புத்தகங்கள்தான்.

போருக்குப் பிந்தைய சமாதானத்தை முழுமையாகப் பார்க்கக் கிடைத்த முதல் இடம் எகிப்துக்கும் ஹித்தி நாட்டுக்கும் இடையிலான உடன்படிக்கை. கி.மு. 1274-ஐ ஒட்டிக் காதேஷில் இரண்டாம் ராமசேஸும் ஹித்தியர்களும் மோதினார்கள். சுமார் 15 ஆண்டுகள் கழித்து, கி.மு. 1259-ஐ ஒட்டி, ராமசேஸும் மூன்றாம் ஹத்துசிலியும் ஒப்பந்தம் செய்தார்கள். மூலப் படி வெள்ளித் தகட்டில் எழுதப்பட்டது. அது இன்றுவரை கிடைக்கவில்லை. எகிப்தில் கர்னாக் கோயில் சுவரிலும், ஹித்தித் தலைநகர் ஹத்துசாவின் களிமண் பலகைகளிலும் அதன் வாசகம் உண்டு. ஹத்துசாப் படியின் நகல் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் மாட்டப்பட்டிருக்கிறது.

சுவரில் மாட்டியதை மட்டும் பார்த்தால் ஒப்பந்தம்தான் சமாதானம் என்று தோன்றும். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும். ராமசேஸின் அரசி நெஃபெர்தாரி, ஹித்தி அரசி புதுஹேபாவுக்கு எழுதிய கடிதத்துடன் 12 சரங்கள் கொண்ட, 88 ஷெக்கல் எடையுள்ள பொன் கழுத்தணியையும் சாயம் தோய்த்த மெல்லிய ஆடைகளையும் அனுப்பினாள். பின்னர் ஹித்தி இளவரசியை ராமசேஸுக்கு மணம் பேசியபோது சீதனம் பற்றி இழுபறி ஏற்பட்டது. எங்கள் கருவூலம் எரிந்து கிடப்பது உனக்குத் தெரியும், என்னிடம் வாங்கித்தான் நீ பணக்காரன் ஆக வேண்டுமா, இது உன் தகுதிக்கு அழகா என்று புதுஹேபா காட்டமாகக் கேட்டாள். ராமசேஸின் 34-ஆம் ஆட்சியாண்டில் திருமணம் நடந்தது. இரண்டு பேரரசுகளும் அதன்பின் மோதவில்லை. வெள்ளித் தகடு ஒருமுறை எழுதியதுதான். கழுத்தணியும் துணியும் கடிதமும் சீதனச் சண்டையும் தொடர்ந்து நடந்தவை.

எழுத்தில்லாத இடங்களில்

ஐரோப்பாவின் முதல் உழவர்கள் எழுத்து வைத்துப்போகவில்லை. கி.மு. 5500 முதல் 4900 வரை, நடு ஐரோப்பாவில் கோட்டு அலங்கார மட்பாண்டங்களைச் செய்த அந்த மக்களின் கல்லறைகளில் ஸ்பாண்டிலஸ் என்ற முட்சிப்பியால் செய்த வளைகளும் பதக்கங்களும் மணிகளும் கிடைக்கின்றன. ஏஜியன், அட்ரியாட்டிக் கடல்களின் சிப்பி, கடலே கண்டிராத ஊர்களைத் தாண்டிப் பாரிஸ் வட்டாரம்வரை போயிருக்கிறது. கூலாவைப் படித்தவர்களுக்கு இதைப் பார்த்ததும் அதன் நினைவு வந்ததில் வியப்பில்லை. பல பத்தாண்டுகள் இந்த உழவர்களை அமைதிப் பிரியர்களாகவே எழுதினார்கள்.

1983-இல் தென்மேற்கு ஜெர்மனியின் தால்ஹைமில் ஒரு குழி அந்தச் சித்திரத்தைக் கலைத்தது. கி.மு. 5000-ஐ ஒட்டி, ஆண், பெண், குழந்தை என 34 பேர் கொன்று வீசப்பட்டிருந்தார்கள். மண்டைகளில் இருந்த பிளவுகள், அதே உழவர்கள் மரம் செதுக்கப் பயன்படுத்திய கல் வாச்சிகளின் வடிவத்துக்குப் பொருந்தின. ஆஸ்திரியாவின் ஆஸ்பர்ன், ஜெர்மனியின் கிலியான்ஷ்டேட்டன் ஆகிய இடங்களிலும் அந்தப் பண்பாட்டின் கடைசிக் கட்டத்துப் படுகொலைக் குழிகள் வெளிப்பட்டன. சிப்பி பரவிய அதே நிலத்தில், அதே மக்களிடையே இது நடந்திருக்கிறது.

இதிலிருந்து பரிசு பயனற்றது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. சிப்பியும் குழியும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவையா, ஒரே ஊர்களுக்கு இடைப்பட்டவையா என்று கேட்க வேண்டும். தொலைவில் இருப்பவனோடு சிப்பி மாற்றிக்கொண்டு, பக்கத்து ஊரானோடு வெட்டிக்கொள்வது மனிதருக்கு முடியாத காரியமல்ல. பண்பாடு முழுவதற்கும் 'அமைதி', 'போர்' என்று பெயர்ப்பலகை மாட்டுவதைவிட, எந்த உறவில் எது நடந்தது என்று பார்ப்பதே பயன் தரும்.

வட அமெரிக்காவின் ஹோப்வெல் பண்பாடு இதற்கு நேர்மாறான சோதனை. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ஒகாயோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் மண்ணை அணைத்து வட்டமும் சதுரமுமாகப் பெரும் வளாகங்களை எழுப்பியவர்களின் மேடுகளில் சுப்பீரியர் ஏரிச் செம்பு, அப்பலேச்சிய மலை அப்பிரகம், மெக்சிகோ வளைகுடாச் சங்கு, சுறாப் பல், 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் யெல்லோஸ்டோனிலிருந்து எரிமலைக் கண்ணாடி எல்லாம் குவிந்திருந்தன. ஆயுதக் காயமுள்ள எலும்புகள், பின்வந்த நூற்றாண்டுகளோடு ஒப்பிட்டால், குறைவு. தெற்கு டக்கோட்டாவின் குரோ கிரீக்கில் 14-ஆம் நூற்றாண்டில் குறைந்தது 486 பேர் கொல்லப்பட்டுக் கிடந்த அகழியை நினைத்தால் வேறுபாடு விளங்கும். பரிமாற்றம் சமாதானம் காத்தது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இருக்காது என்று தோன்றும்.

ஜேம்ஸ் கிரிஃபின் 1960-களில் எழுப்பிய ஐயம் இங்கே முக்கியம். ஒரே மேட்டுக் குழுவில் மட்டும் சுமார் 136 கிலோ எரிமலைக் கண்ணாடி இருந்தது. யாரோ ஒரு குழு ஒரே பயணத்தில் மொத்தமாகக் கொண்டுவந்திருக்கலாமே என்றார் அவர். அப்படியானால் அது ஒருவரின் தீரச் செயல், பரிமாற்றமே இல்லை. பிற்காலப் பகுப்பாய்வுகள் வேறு மூலங்களின் கல்லும் கலந்திருப்பதைக் காட்டி, ஒற்றைப் பயணம் என்ற கருத்தைத் தளர்த்தின. விவாதத்தின் பயன் இந்த விடையைவிடக் கேள்வியில் இருக்கிறது. குவியலின் அளவைக் காட்டிலும், அது எத்தனை தடவையில் சேர்ந்தது என்பதே சமாதானத்தைப் பற்றிச் சொல்லும்.

பன்றியும் மணிச்சரமும்

மண்ணில் எதுவுமே மிஞ்சாத சமாதானமும் உண்டு. பப்புவா நியூகினியின் மேட்டுநிலத்தில் வாழும் எங்கா மக்களிடம் பாலி வீஸ்னரும், எங்காவைச் சேர்ந்த அக்கீ டுமுவும் வாய்மொழி வரலாறுகளைத் திரட்டி 1998-இல் நூலாக்கினார்கள். சில நூற்றாண்டுகளுக்கு முன் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வந்து பன்றி வளர்ப்பு பெருகியதும், 'தே' எனப்படும் பரிமாற்றச் சங்கிலி பள்ளத்தாக்குகளைக் கடந்து விரிந்த கதை அது. போரில் இறந்தவருக்கு ஈடாகப் பன்றிகள் தர வேண்டும். முதலில் தமக்காகச் சண்டைக்கு வந்து மாண்ட கூட்டாளிகளின் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். பின்னர் எதிரிகளுக்கும் ஈடு கொடுக்கும் வழக்கம் வலுத்தது. பெரிய மனிதர் என்று பெயரெடுக்க ஆயுதத்தைவிடப் பன்றிகளைத் திரட்டும் திறமையே உதவியது. பிற்பாடு நடக்கப்போகும் பரிமாற்றத்துக்காகவே இரு தரப்பும் திட்டமிட்டு மோதிய பெரும் சடங்குப் போர்களும் இருந்தன.

கைமாறியவை பன்றி, மரநெய், இறகு, கோடரி, சிப்பி. இவற்றில் 500 ஆண்டுகள் கழித்து அகழ்பவருக்குக் கிடைக்கப்போவது சில கோடரிகளும் சிப்பித் துண்டுகளும்தான். பெரும்பகுதி தின்று தீர்ந்தது. முற்காலச் சமூகங்களில் விருந்துக் குழிகளையும் விலங்கெலும்புக் குவியல்களையும் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று இப்போது வலியுறுத்துவதற்கு இத்தகைய ஆய்வுகள் முக்கியக் காரணம்.

வட அமெரிக்காவின் வடகிழக்கில் ஹவ்தெனசௌனி எனப்படும் இரோக்வாய் நாடுகளின் கூட்டமைப்பில் இந்த வேலையைச் சிப்பி மணிகள் செய்தன. அட்லாண்டிக் கரையில் கிடைக்கும் சங்கில் வெண்மணியும், குவாஹோக் என்ற மட்டியில் ஊதாமணியும் கடைந்து கோத்த 'வாம்பம்' சரங்களும் பட்டைகளும் இல்லாமல் அங்கே எந்த உடன்பாடும் இல்லை. இறப்பு நேர்ந்த தரப்பின் கண்ணீரைத் துடைக்க, காதடைப்பை நீக்க, தொண்டையைத் திறக்க என்று சொல்லி ஒவ்வொரு சரமாகக் கொடுப்பார்கள். துக்கத்தைத் தீர்க்காமல் பழிவாங்கலை நிறுத்த முடியாது என்ற தெளிவான அரசியல் அறிவு இந்தச் சடங்கில் இருக்கிறது. இதே மணியை 17-ஆம் நூற்றாண்டில் டச்சு, ஆங்கிலக் குடியேறிகள் காசாகவும் புழங்கினார்கள். நியூ இங்கிலாந்தில் சட்டப்படி செல்லும் பணமாகவும் அது இருந்தது. மணி ஒன்றுதான்; ஒரு கையில் காசு, இன்னொரு கையில் சமாதானம். தனியாக ஒரு மணி கிடைத்தால் எது என்று எந்த ஆய்வுக்கூடமும் சொல்லிவிட முடியாது. எங்கே, யாரோடு, எந்த வடிவில் கோக்கப்பட்டுக் கிடந்தது என்பதே சொல்லும்.

1794-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் இந்த நாடுகளோடு கானண்டேகுவாவில் செய்த ஒப்பந்தத்துக்கும் நீண்ட வாம்பம் பட்டை உண்டு. கைகோத்து நிற்கும் 15 மனித உருவங்களும் நடுவில் ஒரு வீடும் கொண்டது அது. ஆண்டுதோறும் 4,500 டாலர் மதிப்புள்ள பொருள்கள் தர வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் ஒரு விதி. அதன்படி இன்றும் துணி வந்துகொண்டிருக்கிறது. விலைவாசி ஏற ஏற ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் துணி சுருங்கிவிட்டது. ஆனால் அவர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். துணி வரும்வரை ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

சமாதானத்தின் விலை

இதுவரை பார்த்தவை ஏறக்குறையச் சமமானவர்களுக்கு இடையே நடந்தவை. பலம் சமமில்லாதபோது பரிசு கப்பமாகிறது; கப்பத்துக்கும் பரிசு என்றே பெயர் வைக்கிறார்கள். கி.மு. 200-இல் பைதெங்கில் ஹான் பேரரசர் காவோசுவைச் சியோங்னு நாடோடிகள் முற்றுகையிட்டார்கள். அதன்பின் இளவரசியை மணமுடித்துக் கொடுத்து, ஆண்டுதோறும் பட்டும் தானியமும் மதுவும் அனுப்பும் ஏற்பாடு வந்தது. கி.மு. 133-இல் பேரரசர் வூ அதை முறித்துப் போரைத் தொடங்கினார். பல பத்தாண்டுப் போருக்குப் பிறகு உறவு மீண்டும் பரிசின் வழிக்கே திரும்பியது. சியோங்னு தலைவர் சீன அரசவைக்கு வரும் ஒவ்வொரு முறையும் கொடுத்த பட்டின் அளவைச் சீன நூல்கள் குறித்து வைத்திருக்கின்றன. கி.மு. 51-இல் 8,000 சுருள் பட்டு, கி.மு. 33-இல் 18,000, கி.மு. 1-இல் 30,000.

மங்கோலியாவின் நோயின்-ஊலாவில் பியோத்தர் கோஸ்லோவ் 1924, 1925-ஆம் ஆண்டுகளில் அகழ்ந்த சியோங்னு கல்லறைகளில் அந்தப் பட்டின் எச்சங்கள் கிடைத்தன. அங்கே இருந்த அரக்குக் கிண்ணம் ஒன்றில் சீன எழுத்தில் கி.மு. 2-ஆம் ஆண்டைக் குறிக்கும் தேதி இருந்தது. மறு ஆண்டே சியோங்னு தலைவர் சீனத் தலைநகருக்கு வந்தார் என்கிறது வரலாறு. நூல் குறிப்பும் புதைபொருளும் இவ்வளவு நெருங்கி வருவது அபூர்வம். இதே ஏற்பாட்டின் பிற்கால வடிவம், 1005-இல் சோங் அரசும் லியாவோ அரசும் செய்த சான்யுவான் உடன்பாடு. ஆண்டுக்கு 2 லட்சம் சுருள் பட்டும் 1 லட்சம் தேல் வெள்ளியும் வடக்கே போயின. 1042-இல் அது 3 லட்சமும் 2 லட்சமும் ஆயிற்று. அவமானம் என்று பலர் குமுறினார்கள். ஆயினும் நூறாண்டுக்கு மேல் இரு அரசுகளுக்கும் பெரிய போர் இல்லை.

பரிசு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். ஆண்டிஸ் மலைநாட்டில் இன்கா அரசர்கள், புதிதாக அடக்கிய குடிகளின் தலைவர்களுக்கு முதலில் அனுப்பியது உயர்தர நெசவுத் துணி என்று ஜான் முர்ரா 1962-இல் விளக்கினார். மறுக்க முடியாத பரிசு. ஏற்றுக்கொண்டால் கடன்பட்ட குடி. வென்றவன் கொடுப்பதை வாங்கிக்கொள்வதும் தோல்வியின் ஒரு வடிவம் என்பதை அந்தத் துணி நினைவூட்டுகிறது.

பரிசு தோற்ற இடங்கள்

நம் கரையிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. ஸ்ரீவிஜய மன்னன் சூளாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் எழுந்த புத்த விகாரத்துக்கு, ராஜராஜ சோழன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தின் வருவாயைக் கொடுத்ததை 21 ஏடுகள் கொண்ட லெய்டன் பெரிய செப்பேடு சொல்கிறது. ஸ்ரீவிஜயத்தின் ஆட்கள் நாகப்பட்டினம் சிவன் கோயிலுக்குச் சீனப் பொன் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இவ்வளவு கொடுக்கல் வாங்கலுக்குப் பிறகு, 1025-இல் ராஜேந்திரனின் கடற்படை அதே ஸ்ரீவிஜயத்தின் கடாரத்தைத் தாக்கியது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1090-ஐ ஒட்டி, முதலாம் குலோத்துங்கன் காலத்தில், கடாரத்துத் தூதர்கள் கேட்க, அதே விகாரத்தின் உரிமைகள் மறுபடி உறுதி செய்யப்பட்டன. பெரிய செப்பேட்டை மட்டும் வைத்திருந்தால் நட்பு என்போம். ராஜேந்திரனின் வெற்றியைப் பாடும் மெய்க்கீர்த்தியை மட்டும் படித்தால் பகை என்போம். மூன்றையும் வரிசையாக வைத்தால்தான் உறவு தெரிகிறது.

இலங்கையின் காலி நகரில் 1911-இல் மதகு ஒன்றின் மூடுகல்லாகக் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு இன்னும் கறாரான பாடம். 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்டது; மிங் பேரரசின் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்தது; இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீன மொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெய்வந்துறையின் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய வழிபாட்டுக்கும் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கின்றன. பொன் 1,000, வெள்ளி 5,000, எண்ணெய் 2,500 என்று பொருள்கள் ஏறக்குறைய ஒரே அளவில் பட்டியலாகின்றன. யாருக்கும் குறைவைக்காமல் மூன்று சமயத்தாரையும் நிறைவுபடுத்த எடுத்த கவனம் அதில் தெரிகிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் அதே செங் ஹே இலங்கைப் படையோடு மோதி, அங்கே ஆண்ட அழகேசுவரனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். காணிக்கை ஒருமுறை கொடுத்தது. அதற்குப் பதில் வரவும் இல்லை, மறுபடி கேட்டுச் சண்டை போடும் உறவு வளரவும் இல்லை. பின்னால் பெரும் கப்பற்படை நின்றது.

எதைத் தேடுவது

இந்தச் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், சமாதானத்தைத் தேடும் தொல்லியலாளருக்கு மூன்று விதிகள் கிடைக்கின்றன. முதலாவது, எத்தனை தடவை என்று கேட்பது. காலக் கணிப்பு நுட்பமாகும்தோறும், ஒரு கல்லறையில் குவிந்தவை ஒரே நாளில் வந்தவையா, தலைமுறைகளாகச் சேர்ந்தவையா என்று பிரிக்க முடிகிறது. இரண்டாவது, போன பொருளோடு வந்த பொருளையும் தேடுவது. ஒரு பக்கத்துக் குவியலைப் பரிசு என்று எழுதும்போது, மறுபக்கத்தில் என்ன காணாமல் போயிற்று என்றும் எழுத வேண்டும். மூன்றாவது, எலும்பையும் பொருளையும் ஒரே ஆய்வில் வைப்பது. இன்று பெரும்பாலும் காயங்களை ஆராய்பவர் ஒருவர், மணிகளை ஆராய்பவர் வேறொருவர். தால்ஹைம் குழியையும் ஸ்பாண்டிலஸ் சிப்பியையும் தனித்தனி அதிகாரங்களில் எழுதும்வரை இரண்டும் ஒன்றையொன்று விளக்கப் போவதில்லை.

அருங்காட்சியகங்களும் இதை யோசிக்கலாம். நடு மாடத்தில் விளக்குப் போட்டு வைப்பது ஒற்றைப் பெரும் பொருளை. சமாதானத்தைத் தாங்கியவை பெரும்பாலும் கிட்டங்கியில் பெட்டிக்குள் கிடக்கும் நூறு சிறு மணிகளும், எடை குறிக்காத துணித் துண்டுகளும், விருந்தில் மிஞ்சிய எலும்புகளும்தான். இஷ்ஹி-அத்துவின் குறையும் புதுஹேபாவின் காட்டமும் சொல்வது இதையே: பகைமை ஒரே கையெழுத்தில் தீர்வதில்லை. கொடுத்து, குறை கேட்டு, கூட்டிக் கொடுத்து, பாக்கி வைத்து, மறுபடி ஆள் அனுப்பி நடத்தும் வேலையால்தான் அது தள்ளிப் போகிறது. அந்த வேலைக்கு ஆன செலவைக் கணக்கிடத் தெரிந்த தொல்லியலே சமாதானத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியும்.